பருந்தக்காவின் வரைபடம்

ட்ரோன் மேலே ஏறும்போது பருந்தக்கா மூச்சை அடக்கிக்கொள்வார். அது உயரத்தில் நிலைத்து, வரிசை பிடித்துப் படமெடுக்கத் தொடங்கிய பிறகுதான் விடுவார். "பதினேழு வருஷமாச்சு. இன்னும் பிள்ளையை மொட்டை மாடியில தனியா விட்ட மாதிரிதான் இருக்கு" என்கிறார்.

மேய்ச்சல் நிலத்தை வானிலிருந்து படமெடுத்து, அங்கே மனிதர்களின் கை பட்டுப் புல்லும் புதரும் என்ன ஆகியிருக்கின்றன என்று வரைபடம் போடுவது அவர் வேலை. 'பருந்தக்கா' என்பது ஆடு மேய்ப்பவர்கள் வைத்த பெயர். சட்டைப்பையில் நாலு பேட்டரியும் ஒரு சீப்பும் இருக்கும். காற்று வலுத்தால் முதலில் தலையை வாரிக்கொள்வார். கருவியை இறக்குவது அதற்கப்புறம்.

அவரிடம் வேலை பழகச் சேர்ந்த புதிதில், அலுவலகத்தில் என்னைத் திரைமுன் உட்காரவைத்தார். ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைத் தேடி எல்லாத் திசையிலிருந்தும் மந்தைகள் நடந்து நடந்து போட்ட நூல் நூலான தடங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் பழுப்பு. சற்றுத் தள்ளி ஒரு கரும்பச்சை வட்டம்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்?"

"குளமா?" என்றேன்.

"பட்டி இருந்த இடம். ஆடு அடைச்சு நாப்பது வருஷம் ஆச்சு. அந்த எரு இன்னும் புல்லுக்கு ஊட்டிக்கிட்டே இருக்கு."

எனக்குச் சிலிர்த்தது. அன்று காலை அதே இடத்தில் நின்றுதான் காலணி மண்ணைத் தட்டியிருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

சென்ற ஆண்டு அவருடைய வரைபடம் ஒன்று வடக்குச் சரிவு முழுவதையும் 'வெற்று நிலம்' என்று காட்டியது. ஆடுகள் தின்றே தீர்த்துவிட்டன, ஐந்தாண்டு மேய்ச்சலுக்குத் தடை என்று அலுவலகம் முடிவுகட்டியது. பதினொரு குடும்பங்கள் மந்தையோடு கிளம்ப வேண்டும். அவர்களில் ஒரு பெண், வெளுத்த புல்லைக் கைநிறையப் பிடுங்கிவந்து பருந்தக்காவின் மேசைமேல் வைத்தாள்.

"வெறும் மண்ணுன்னு எழுதியிருக்கீங்களாமே அக்கா. எங்க ஆடு ரெண்டு மாசமா இதைத்தானே தின்னுது?"

பருந்தக்கா மறுநாள் தொடங்கி மூன்று நாள் அந்தச் சரிவை நடந்தே அளந்தார். வெயிலில் வெளுத்த புல்லும் மண்ணும் கேமராவின் கண்ணுக்கு ஒரே நிறமாகிப்போயிருந்தன. புல் உண்மையிலேயே அழிந்திருந்தது, லாரிகள் குறுக்கே போன தடத்தில் மட்டும்தான்.

"கேமராவைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? நான்ல இறங்கிப் பாத்திருக்கணும்!"

தடையை உறுதிசெய்யும் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். திருத்திய வரைபடத்தைப் பார்த்த மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பழசைப் போட்ட அறிவாளி யாரு?"

கூட்டத்தில் இருந்த இருபது பேரும் மேசையைப் பார்த்தார்கள். பருந்தக்கா கையை உயர்த்தினார்.

"நான்தான் சார்."

மேலதிகாரி தடை உத்தரவின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்து, கடைசி வரிசையில் இருந்த அந்தப் பெண்ணிடம், "தடை கிடையாதும்மா, போய் மேய்ங்க" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன, ஒவ்வொருவராக எழுந்தார்கள். இன்னும் திட்டு பாக்கியிருக்கிறது என்பதுபோலப் பருந்தக்கா மட்டும் உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை.