யாழினியோடு வண்டன்மேடு வரை: ஒரு டீச்சரைத் தேடிப் போன பயணம்

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்திலிருந்து, அதே கேரளத்தின் மலையிலுள்ள வண்டன்மேட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. நானும் அதற்காகப் போகவில்லை. ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், என் மகள் யாழினியை அங்கே விட்டுவிட்டு வர முடியுமா என்று பார்க்கப் போனேன்.

யாழினிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு. எங்கள் ஊர் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் மூன்றாம் வகுப்பு. போன வருடம் வரை வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஸ்பெஷல் டீச்சர் வந்துகொண்டிருந்தார். படம் போட்ட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கவும், வரிசையில் நிற்கவும் பழக்கியது அவர்தான். அது ஒப்பந்த வேலை. ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேலிருந்து நிதி வரவில்லை என்றார்கள். இரண்டே மாதத்தில் யாழினி அட்டைகளை வீசி எறியவும், மணிக்கட்டைக் கடித்துக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டாள். நான் பால் சொசைட்டி வேலையை விட்டுவிட்டு வகுப்பில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் நங்கை போன் செய்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் குடியிருக்கிறார். "இங்க ஸ்கூல்ல தமிழ் பேசற டீச்சர் வர்றாங்க கண்ணு. புள்ளைய இங்க உடு, நான் பாத்துக்கறேன்."

என் கணவர் மாடுகளை விட்டு வர முடியாது. நானும் யாழினியும் மட்டும் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி பஸ்ஸில் கிளம்பினோம். பொள்ளாச்சி பக்கம்தான். அங்கிருந்து பழனி, பழனியிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனி, பிறகு கம்பம். நேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட மாறி மாறிப் போவதே எங்களுக்கு வசதி. ஒவ்வொரு ஊரிலும் இறங்கி அவள் கொஞ்சம் நடக்கலாம். தேனி பஸ் ஸ்டாண்டு மட்டும் கஷ்டம். ஏர்ஹார்ன் சத்தத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதுக்கு ஹெட்போனை மாட்டி, ஒரு பேக்கரியின் பின்பக்கம் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

கம்பத்திலிருந்து மலை ஏற ஜீப். தலைக்கு நூறு ரூபாய்.

"பாப்பாவுக்கு வாந்தி வருமாக்கா?" என்றார் டிரைவர்.

"வராதுங்க. சத்தந்தான் ஆகாதுங்க."

உடனே பாட்டை நிறுத்திவிட்டார். பின்னால் இருந்தவர்கள் பாட்டு எங்கே என்று கேட்டதற்கு, "பாப்பா எறங்குற வரைக்கும் கெடையாது" என்றார். கம்பம்மெட்டு தாண்டிக் குளிர் ஏறியதும் யாழினி என் மடியில் தூங்கிவிட்டாள். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தபோது, திரும்பும்போது இந்த மடி காலியாக இருக்குமே என்று நினைத்தேன். அதற்கு மேல் வெளியே எதையும் நான் பார்க்கவில்லை. ஆகவே மலைப்பாதையின் அழகைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

மறுநாள் பள்ளிக்குப் போனோம். நங்கை சொன்ன செல்வி டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் யாழினியைக் கூப்பிடவில்லை, தொடவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு பேசினில் இருந்த மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கால் மணி நேரம் கழித்து யாழினி போய் அடுத்த கட்டையை வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இவ இங்க இருந்தா நீங்க எங்க தங்குவீக?" என்று கேட்டார்.

"நான் ஊருக்குப் போயிருவேனுங்க. நங்கை பாத்துக்குவாங்க."

அவர் ஒரு கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நானும் இங்க ரெண்டு நாளுதான்க்கா வாரேன். மத்த நாளு வேற வேற ஸ்கூலு. எனக்கும் ஒப்பந்தந்தான், சம்பளம் எப்ப வரும்னு தெரியாது. நான் ரெண்டு நாளு வாரதுக்காக, இவ ஏழு நாளும் அம்மா இல்லாம கெடக்கணுமா?"

கையிலிருந்த கட்டையை அடுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டார். "உங்க ஊர்ல டீச்சர் வேலையே இல்லாம போச்சா, இல்ல வேலை இருந்து ஆளு இல்லையா? அதக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. நிதி இல்லை என்று ஜூனில் சொன்னதோடு நான் நிறுத்திக்கொண்டேன். அங்கிருந்தே எங்கள் ஹெட்மாஸ்டருக்குப் போன் செய்தேன். ஸ்பெஷல் டீச்சர்களை அனுப்பும் வட்டார வள மையத்தில் விசாரித்துவிட்டு மாலையில் அவரே கூப்பிட்டார். நிதி இப்போது வந்துவிட்டதாம். ஆளை எடுக்கவும் அனுமதி இருக்கிறதாம். ஆனால் விண்ணப்பித்தவர்களில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. "தமிழ் தெரிஞ்ச ஆள் இருந்தா அனுப்புங்கம்மா, நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்றார்.

செல்வி டீச்சருக்குப் போன் செய்து இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "என்கூட ஸ்பெஷல் டீச்சருக்குப் படிச்ச கலா கொழிஞ்சாம்பாறைதான்க்கா. ஒப்பந்தம் முடிஞ்சு வீட்டுலதான் இருக்கா."

கொழிஞ்சாம்பாறை எங்கள் பக்கத்து ஊர்.

அன்று இரவே கணவருக்குப் போன் செய்தேன். "பாப்பாவக் கூட்டிட்டே வந்தர்றனுங்க."

"செரி. பொள்ளாச்சிக்கு வண்டி எடுத்துட்டு வந்தர்றேன்" என்றார். நங்கைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் காலையில் இட்லி கட்டிக் கொடுத்து, ஜீப் வரை வந்து ஏற்றிவிட்டார்.

இதே போலக் குழந்தையோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பத்திலிருந்து மாலைக்கு முன்பே மலை ஏறிவிடுங்கள். பிறகு மூடுபனி. ஜீப்பில் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தயங்காமல் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். குழந்தையின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் அசலை எடுத்துப் போங்கள். பஸ் சலுகை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு மாதிரி, ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். பள்ளிக்காகப் போகிறீர்கள் என்றால், டீச்சர் எந்த நாளில் வருவார் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்கும் முன்னால், உங்கள் ஊர் வட்டார வள மையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் இந்த மலையே ஏறியிருக்க வேண்டாம். ஆனால் ஏறாமல் போயிருந்தால் கலா டீச்சரைத் தெரிந்திருக்காது.

கலா டீச்சர் இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறார். மற்ற நாட்களில் வகுப்பு டீச்சர் அட்டைகளை வைத்துச் சமாளிக்கிறார். ஒப்பந்தம் மார்ச் வரைதான். அதன் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. மார்ச்சில் நான் மறுபடியும் போய்க் கேட்பேன்.

முதல் நாள் கலா டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் நின்றேன். யாழினி அழுதால் உள்ளே ஓடலாம் என்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு பீரியட் முடிந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய், பல மாதம் கழித்து, பகலில் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கினேன்.