பிரேக்குக்கு அடியில் ஒரு கை

சீட்டுத் தைக்க வந்த ஜீப்பின் முன்னால் காசிமாயன் செருப்பைக் கழற்றுகிறார். கிழிந்த சீட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டு, தலையை ஸ்டீரிங்குக்கு அடியில் நுழைத்து, பிரேக்கைக் கையால் அமுக்குகிறார். மற்றக் கையை அதன் பின்னால் விட்டுத் துழாவுகிறார். ஒரு வெற்றிலைக் காம்பு அகப்பட்டாலும் அதை வெளியே எறிந்த பிறகுதான் எழுந்திருப்பார்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. சீட்டப் பாருமய்யா" என்கிறார் டிரைவர்.

"இருக்கும், இருக்கும்" என்கிறார் காசிமாயன். வாய் நிறைய ஆணி இருப்பதால் அது "இக்கும், இக்கும்" என்று கேட்கிறது.

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிகள் முடியும் இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை. ஒல்லியான ஆள். சுத்தியல் பட்டுக் கறுத்த கட்டைவிரல் நகம். பாதி ஆயுளை வண்டிகளுக்குள் குனிந்தே கழித்தவர், ஓடுகிற வண்டியில் ஏறியதில்லை. ராசிங்காபுரத்திலிருந்து நடந்தே வருவார், நடந்தே போவார். லாரிக்காரர்கள், "ஏறிக்க மாமா" என்று கூப்பிட்டால், "நீ போப்பா, நான் வெரசாப் போகணும்" என்பார்.

அவர் மனைவி மருதாயி பக்கத்துக் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவர். "வீட்டுக்கு வந்தாலும் ஆணியத் துப்ப மாட்டாரு இந்த மனுசன். துப்புனாப் பேசணும்ல" என்பார்.

முன்பெல்லாம் இந்தக் கொட்டகைக்குக் கார்களும் வந்தன. மலையில் பெய்கிற மழைக்கு எந்தக் காரின் தரைக் கம்பளமும் அழுகிப்போகும். என் தம்பி வெள்ளைத்துரையின் காரிலும் அப்படித்தான் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பின் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து அவன் வாங்கியது. போருக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். ஊரார் அதைத் 'தவளை' என்றார்கள்.

அழுகிய கம்பளத்தைக் காசிமாயன் கிழித்தெறியவில்லை. ஆணி ஆணியாகக் கழற்றி, வெயிலில் காயவைத்து, மதுரையிலிருந்து வந்த கருஞ்சிவப்புக் கம்பளத்தின் மேல் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டினார். ஓரங்களுக்குத் தோல் வைத்துத் தைத்தார். நடுவே மேடாக எழும் இடத்தில் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி வளைத்தார். பலகைத் தரையில் அமுக்குப் பித்தான் அடித்து, இம்மி நகராதபடி இறுக்கினார். பெடல்களைச் சுற்றி மட்டும் பழைய அளவைவிடத் தாராளமாக வெட்டிவிட்டார்.

"என்னண்ணே, பலகை தெரியுது?" என்றான் தம்பி.

"தெரியட்டும். காலு சோலி பாக்குற எடத்துல கம்பளத்துக்கு என்ன சோலி?"

தம்பி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து ஓட்டிப் போனான்.

அந்த மழைக்காலத்திலேயே, மலை மெட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் கார் பள்ளத்தில் பாய்ந்தது. வண்டி வேகம் குறையவே இல்லை என்று பாதையோரம் நின்ற கூலிப் பெண்கள் சொன்னார்கள். முதலில் தம்பியின் உடலை மேலே கொண்டுவந்தார்கள். காரை வடம் கட்டி இழுத்தபோது, பிரேக்கடியில் ஏதோ சுருண்டு கிடப்பதைப் பார்த்து, "கம்பளம் போட்டவனக் கூட்டியாங்கடா" என்று யாரோ கத்தினார்கள். காசிமாயன் வந்தார். நசுங்கிய காருக்குள் குனிந்து, பிரேக்கின் பின்னாலிருந்து சேறு அப்பிய எதையோ உருவிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என்னய்யா அது?"

"எங் கம்பளந்தேன்."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கம்பளம் பிரேக்கில் சிக்கி வெள்ளைத்துரை செத்தான் என்று ஊர் முடிவு கட்டியது. என் அம்மா ஆயம்மாள் தெருவில் நின்று காசிமாயன் மேல் மண்ணை வாரித் தூற்றினார். தலையில் விழுந்த மண்ணைத் தட்டாமல் அவர் நடந்து போனார். அதன்பின் எந்தக் காரும் கொட்டகைக்கு வரவில்லை. லாரி, ஜீப்புச் சீட்டுகள் மட்டும் வந்தன. டீக்கடையில் சோலைமலை என்பவன் அவர் காதுபடவே சொல்வான்: "காசிமாயன் கம்பளமா? காருக்கு வேண்டாம்யா, பாடைக்கு விரிக்கச் சொல்லு." அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துபோவார்.

எங்கள் வீடுகளில் புதிதாக எது வந்தாலும் அதன்மேல் ஏலக்காய்ச் சாக்கு ஒன்றை விரித்துவிடுவோம். கட்டில், நாற்காலி, ரேடியோப் பெட்டி எதுவானாலும் சரி. புதுசு கடைசிவரை புதுசாகவே இருக்கவேண்டும்.

இந்தத் தை மாதத்தில் அம்மா படுத்த படுக்கையானார். ஒரு மத்தியானம் திடீரென்று, "நம்ம தொரை காருல காலு வைக்கிற எடத்துல நம்ம வீட்டுச் சாக்க விரிச்சு விட்டேன்டா. நல்ல கம்பளம், சேறு அப்பிரும்னு. அந்தச் சாக்கு எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல. ஓட்டையில்லாத சாக்கு" என்றார்.

அவர் முகத்தில் சாக்கு தொலைந்த வருத்தம் மட்டுமே இருந்தது. ஆணி இல்லாமல், பித்தான் இல்லாமல் சும்மா விரித்த சாக்கு இறக்கத்தில் முன்னால் சரிந்து பிரேக்குக்கு அடியில் சுருண்டால், எவ்வளவு மிதித்தாலும் பிரேக் இறங்காது. நான் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மாசியில் அவர் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மருதாயி கஞ்சி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க உருவுனது சாக்குத்தானேண்ணே?" என்றேன்.

காசிமாயன் ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். "யாரு சொன்னா, பெரிய தம்பி?"

"அம்மாதான். சாக்கு எங்க போச்சுன்னு கேட்டாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமத்தேன போனாக?"

"ஆமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மருதாயி கஞ்சிச் சட்டியைத் தொம்மென்று வைத்தார். "அடப் பாவி மனுசா, எங்கிட்டக்கூடச் சொல்லலையே!"

"ஒங்கிட்டச் சொல்லிப்புட்டா, அப்புறம் டீக்கடைக்குத் தனியாச் சொல்லணுமாக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னன்னு தம்பி சொல்ல? பெத்தவ வச்ச சாக்குன்னா? ஆத்தா அன்னைக்கே அரளிய அரைச்சுக் குடிச்சிருப்பாக. என்னைய வஞ்சுக்கிட்டாவது உசுரோட இருந்தாகள்ல."

"இனிமே ஊருக்குச் சொல்லலாமா?"

"உங்க ஆத்தா. சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க. நான் சொல்லல."

இதோ, சொல்லிவிட்டேன்.

அவர் உள்ளே போய் அந்தச் சாக்கை எடுத்துவந்தார். துவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தார். எங்கள் வீட்டு நீல மசிக் குறி மங்கியிருந்தது. ஏலக்காய் வாசனை இன்னும் விடவில்லை. "ஆத்தா கேட்டாகள்ல. கொண்டு போங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

வாங்கி ஜீப்பில் ஏறினேன். சாக்கைக் காலடியில் போட்டுவிட்டுச் சாவியைத் தேடினேன். காசிமாயன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். குனிந்து சாக்கை எடுத்துப் பின்சீட்டில் வைத்து, சணலால் சீட்டுக் கம்பியோடு கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடி என் பக்கம் வந்து மண்டியிட்டு, என் காலை மெல்ல ஒதுக்கிவிட்டு, பிரேக்கைக் கையால் அமுக்கி அதன் பின்னால் துழாவினார்.