மகுடம் வைத்த கத்திரிக்காய்

யுத்த காலத்தில் சின்னமனூரில் ஒரு போலீஸ் ஏட்டு இருந்தார். ஒட்டிய கன்னம், அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய மீசை. எதையும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவார். நாற்பது வயதில் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவன் ராஜத்துரோகியாகத்தான் இருப்பான் என்று யாரோ அவரிடம் சொல்ல, ஒருநாள் என் வீட்டுக்கே வந்து, நான் தீப்பெட்டிப் படங்களை ஒட்டிவைத்திருந்த நோட்டைக் கேட்டு வாங்கினார்.

காப்பி குடிக்கும் ஆட்டை முகர்ந்தார். ஊஞ்சலாடும் இட்லியை முகர்ந்தார். கத்திரிக்காயில் நின்றுவிட்டார்.

"இதுக்கு எதுக்குய்யா மகுடம்? சக்கரவர்த்தியக் கேலி பண்ணுறீகளா?"

"வரைஞ்சது எவனோ, ஏட்டையா. நான் ஒட்டினதோட சரி."

"ஒட்டுறவுகளத்தான் பிடிக்கச் சொல்லியிருக்காக."

அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே லத்தியும் சிவப்புத் தலைப்பாகையுமாக ஒரு கழுதை நின்றது. ஏட்டின் தலையிலும் அதே தலைப்பாகை. ஜெயிலில் படிக்க என்னென்ன புத்தகம் கொண்டுபோகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"கழுதை, ஏட்டையா."

"அது தெரியுது. மூஞ்சியில ஒரு பொறுப்பு இருக்குல்ல?"

கத்திரிக்காயை மட்டும் சாட்சியத்துக்குப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார். வழக்கு எதுவும் வரவில்லை. அவர் புரியாமல் சொன்னாரா, புரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.