முதல் சவாரி மாமா

என் அக்கா கட்டிக்கொண்டது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. மாமாவை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'முதல் சவாரி' என்றுதான் கூப்பிடுவார்கள். பழுது பார்த்து முடித்த லிஃப்டில் தான் ஏறிப் பார்க்காமல் வேறு ஒருவரை ஏற விடமாட்டார். முதலில் காலிப் பெட்டியை மேலும் கீழும் ஓட்டுவார். அப்புறம் இரும்பு எடைகளை ஏற்றி ஓட்டுவார். அப்புறம் தானே ஏறுவார். அதற்குப் பிறகுதான் ஜனங்கள். கட்டட முதலாளியே அவசரமாக வந்து நின்றாலும், "கொஞ்சம் பொறுங்க சார், நான் இன்னும் போய்ப் பாக்கல" என்பார்.

இது வெறும் கிறுக்குத்தனம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட இருந்த ஒருவர் "எல்லாம் சரியா இருக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டு போன லிஃப்டில் ஒரு பெண்ணின் கால் மாட்டிக்கொண்டது. அந்தக் காலை வெளியே எடுத்தவர் மாமா. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஓட்டலில் நாற்காலியைக்கூட ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்றவரை உட்காரச் சொல்வார். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை. "அக்காவ வீட்டுக்குள்ள விடறதுக்கு முன்னாடி நீங்க உள்ள போய் நின்னு பாத்தீங்களா மாமா?" என்பேன். "பின்ன? பாக்காம விடுவனா?" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார்.

அக்காவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நிலவறையில் ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் நின்று படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். வெயிலை அவள் பார்த்தது பஸ் நிறுத்தத்தில்தான். பிள்ளை குட்டி இல்லாததால் ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் வேலைக்குப் போவாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்பாள்.

ஒருநாள் தள்ளுவண்டி கண்ணில் படாமல் அதன் மேலேயே போய் இடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் மறுபடியும். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, நிறுத்த வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார். எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

அன்று அவர்கள் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, எனக்கு வெளியில போய் விளையாடணும்."

"என்னது?" என்றார் மாமா.

"விளையாடணுங்க. பார்வை இருக்கும்போதே. தண்ணியில ஒண்ணு, தரையில ஒண்ணு. எதுவா இருந்தாலும் சரி. சைக்கிள், படகு, மலை ஏறறது, எதாவது. எல்லாத்தையும் கண்ணால பாத்துக்கிட்டே செய்யணும்."

ஐம்பதை நெருங்கும் பொம்பளை விளையாடணும் என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டைக் கழுவ எடுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மாமா மட்டும் தலையை ஆட்டி, "நான் பாத்து ஏற்பாடு பண்றேன்" என்றார்.

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏரிக்கரைப் பூங்காவில் இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தது. அக்காவின் எடைக்குச் சரியாக ஒரு மூட்டை மணலைக் கட்டி, அதைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கயிறு போட்டுக் கட்டி, ஏரியைச் சுற்றி மிதித்தார். வேடிக்கை பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். செயின் தளர்வு என்று அந்த சைக்கிளைக் கழித்துவிட்டார். அடுத்து காட்டுப் பாதை. அங்கே மரப்பாலத்தில் ஒரு பலகை உளுத்திருந்தது. வனத்துறை ஆபீசுக்கு நடையாய் நடந்து அதை மாற்றவைத்தார், அதற்குள் மழை தொடங்கிப் பாதையையே மூடிவிட்டார்கள். அப்புறம் கயாக் என்கிற ஒல்லிப் படகு. அது கவிழும் என்று கேள்விப்பட்டு, கவிழ்ந்தால் எப்படி நிமிர்த்துவது என்று கற்றுக்கொள்ள வாரா வாரம் வேண்டுமென்றே ஏரியில் கவிழ்ந்தார்.

இதில் என்ன கொடுமை என்றால், மாமாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. தொப்பை கரைந்தது. முகம் வெயிலில் கறுத்து மினுமினுத்தது. முப்பது வருஷம் இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை செய்த மனுஷன், ஈரத் தலையோடு சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அக்கா வேலையை விட்டுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று ஆசையாகக் கேட்பாள்.

"இடது பக்கம் லேசா சாயுது. உன்னை ஏத்த முடியாது" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டே விட்டேன். "மாமா, இது உங்களுக்கே நல்லா இருக்கா? அவ எதுலயும் ஏற வேணாம். சும்மா கரையில உக்காந்து பாக்கட்டுமே."

"கரைப் படி வழுக்குது. நான் பாத்துட்டேன்."

"என் கையப் பிடிச்சுக்கிட்டு இறங்குவா."

"நீயும் சேர்ந்து வழுக்குவ. கொஞ்சம் பொறு. இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடறேன்."

பிடித்த பிடியை விடாத மனுஷனிடம் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு வந்தேன். நானே கூட்டிப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு எவ்வளவு ஆசையா பண்றாரு. நாம போயிட்டு வந்தா மனசு உடைஞ்சு போயிடும்" என்றாள். இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்து அறைந்தால் என்ன என்று தோன்றியது.

கடைசியில் அகலமான ஒரு துடுப்புப் படகு அவருடைய பரீட்சையில் தேறியது. காலியாக ஓட்டினார், மூட்டையை ஏற்றி ஓட்டினார், தனியாக ஓட்டினார். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடு ஏரியில் குதித்தும் பார்த்தார். கரைப் படியில் பாசியைத் தானே சுரண்டி எடுத்தார். "இவருக்கு நான்தான் சம்பளம் குடுக்கணும்" என்றார் படகுத்துறைக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் போனோம். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள். படியில் இறங்கும்போது என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் முன் முனையில் உட்கார்ந்தேன். மாமா நடுவில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்பு போட்டார். அக்கா பின் பலகையில் அவருக்கு நேர் எதிரே இருந்தாள். காற்று அவள் முகத்தில் அடித்தது. கண்ணை அகலத் திறந்துகொண்டு சிரித்தபடி இருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! மாமா மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

"அதோ பாரு, அங்க பாரு!" என்று மாமா திடீரென்று வலது பக்கம் கையை நீட்டினார். "நாய் ஒண்ணு நீந்திப் போகுது பாரு!"

நிஜமாகவே ஒரு பழுப்பு நாய், மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு, என்னமோ ஆபீசுக்கு நேரமாகிவிட்ட மாதிரி விறுவிறுவென்று நீந்திக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அக்கா அதற்கு நேர்மாறான பக்கம் திரும்பினாள். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"அட, என்ன அழகா நீந்துதுங்க!" என்றாள்.

மாமாவின் துடுப்பு நின்றது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அக்கா இன்னும் அந்த வெறும் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்றார் மாமா.

அக்காவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. மறைக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மழை விட்டதிலேருந்துங்க. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும்."

"ஏன் சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் அவ்வளவு சந்தோஷமா வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"இடது பக்கம் சாஞ்சுதே," என்றார் மாமா. குரல் உடைந்துபோயிருந்தது. "அந்தப் படகுல ஏத்தியிருந்தா நீ கவுந்திருப்பியே."

"கவுந்தா என்னங்க? நீங்கதான் கூட இருந்திருப்பீங்களே," என்றாள் அக்கா. "கவுந்திருந்தாலும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே கவுந்திருப்பேன்."

மாமா துடுப்புகளை உள்ளே இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். நான் எழுந்து அவரிடம் போகப் பார்த்தேன், படகு ஆடும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆடவேயில்லை. அந்தப் படகில் எந்தக் குறையும் இல்லை.