பொருந்திய மூன்று ஜாதகங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். காந்திபுரத்தில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துவந்து, நானும் என் அண்ணன் மகள் கவிதாவும் பழைய ஆங்கிலத் திகில் படம் ஒன்றைப் பார்த்தோம். அண்ணனும் அண்ணியும் விபத்தில் போன பிறகு அவளை வளர்த்தவள் நான். எனக்கும் வேறு யாருமில்லை.

படத்திலும் ஒருத்தி அனாதைப் பையனை வளர்க்கிறாள். அவனுக்கு வரும் கடிதங்களை ஒளித்துவைக்கிறாள். அவனைத் தேடி வருகிறவர்களைக் கத்தியால் குத்துகிறாள். அவனுக்குச் சாப்பாடு போடும்போது மட்டும் முகத்தில் அத்தனை பாசம்.

"பாவமுங்க அத்தை, அந்தப் பையனுக்கு ஒண்ணுமே தெரியலீங்க" என்றாள் கவிதா.

என் பார்வை சமையலறை அரிசி டிரம் பக்கம் போயிற்று.

கவிதாவைப் பெண் கேட்டு வந்த மூன்று ஜாதகங்களும் அவளுடையதோடு நன்றாகப் பொருந்தியிருந்தன. ஜோசியர் எழுதிக்கொடுத்த தாள்களை அரிசி டிரம்முக்கு அடியில் மறைத்துவிட்டு, தரகரிடமும் அவளிடமும் பொருந்தவில்லை என்று சொல்லியிருந்தேன். தன் ஜாதகத்தில்தான் தோஷம் என்று நம்பி அவள் வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தாள். அந்த விரதத்துக்குப் பூ வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

டெக்கை நிறுத்தினேன். தாள்களை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

"மூணுமே பொருந்துச்சு கண்ணு. நான்தான் மறைச்சுப்போட்டேன்."

அவள் படித்து முடித்தாள். பாயில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மறுவருஷம் காங்கேயத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இன்றும் அன்பாகத்தான் பேசுகிறாள். படத்தில் ரத்தம் தெறித்த காட்சி எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அவள் தள்ளி உட்கார்ந்த அந்த ஒரு முழ இடைவெளிதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.