இக்னாஸின் வளையங்கள்

"கையெழுத்து எங்க, மிசியே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டுவிட்டு இக்னாஸ் வலது கையை உயர்த்தி ஆட்டுவார். மணிக்கட்டில் கிடக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வளையங்கள் கலகலக்கும். எதிரே நிற்கும் கணக்குப் பிரிவு கப்ரியேல் தலையைச் சொறிவார்.

"ஒரே ஒரு நம்பர்தான்யா மாத்தணும். ரெண்டு நிமிஷ வேலை."

"படிக்கணுமா, நாற்காலி போட்டுத் தாரேன், உக்காந்து படிங்க. எழுதணும்னா திரெக்தேர் கையெழுத்து வேணும்."

சைகோனில் பழையவர்கள் இன்னமும் பிரெஞ்சுக் காலப் பெயரால் 'கத்தினா' என்றே சொல்லிவந்த தூ-தோ வீதியில், ஒரு கப்பல் ஏஜென்சியின் மாடியில் இருந்தது அந்தக் கணிப்பொறி அறை. வெளியே தார் உருகும். உள்ளே இயந்திரத்துக்காக வைத்த ஏசிக் குளிரில் இக்னாஸ் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்பெனியின் கோப்புகளெல்லாம் காந்த நாடாச் சுருள்களாக அலமாரியில் நின்றன. சுருளின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் வளையத்தைப் பொருத்தினால்தான் இயந்திரம் நாடாவில் எழுதும். இல்லையென்றால் படிப்பதோடு சரி. வளையங்களை டிராயரில் வைத்துப் பூட்டக் கூடாதா என்று கேட்டால், "டிராயருக்கு ஒரு சாவி இருக்கும், சாவிக்கு ஒரு மச்சான் இருப்பான்" என்பார் காரைக்காலிலிருந்து வந்த இக்னாஸ்.

சாயங்காலம் சோலெக்ஸ் வண்டியில் வீட்டுக்குப் போகும்போதும் அவை கையில்தான். மனைவி ஜெர்மேன் அதட்டினால் சாப்பிடும்போது மட்டும் கழற்றுவார். அலுவலகப் பெண்கள் வளையல்காரர் என்று கேலி செய்தால் இன்னும் ஜோராக ஆட்டிக் காட்டுவார். அப்படி ஒரு மனுஷரை இனி எந்த அலுவலகத்தில் பார்ப்பது!

எழுபத்திரண்டு அக்டோபரில், வருஷக் கடைசியில் ஓய்வுபெறுகிறவர்களின் பெயர்களை இயந்திரம் அச்சடித்துத் தள்ளியது. தாளைக் கிழித்தெடுத்த இக்னாஸ் அதில் தன் பெயரைக் கண்டார். வயது அறுபதாம். பிறந்த வருஷம் இருபத்தொன்று என்று, இயந்திரத்துக்கு விவரம் ஊட்டும் அட்டையில் துளையிடுவதற்குப் பதில் பன்னிரண்டு என்று துளையிட்டிருந்தாள் ஒடெட், அட்டைப் பிரிவுப் பெண்.

"ராத்திரி படுக்கும்போது அம்பத்தொண்ணு, காலைல எந்திரிச்சா அறுபது" என்று அலுவலகத்தில் சிரித்தார். வீட்டில் சிரிப்பு வரவில்லை. கடைசிப் பையன் இன்னும் லிசே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

ஒடெட் அழுதேவிட்டாள். "மாமா, வளையம் உங்க கைலயே இருக்கு. நான் அட்டைய மாத்தி அடிச்சுத் தாரேன். போட்டுடுங்களேன்."

"கப்ரியேலும் இதத்தானம்மா தெனம் கேக்குறாரு?"

கம்பெனித் தலைவரான திரெக்தேர் லீவில் பிரான்சுக்குப் போயிருந்தார். போருக்குப் பயந்து, லீவில் போனவர்கள் அங்கேயே தங்கிவிடுகிற காலம் அது. கப்ரியேலுக்கே மனசு கேட்கவில்லை. "நான் போடுறேன்யா கையெழுத்து" என்று பேனாவைத் திறந்தார்.

"ஒங்க கையெழுத்து படிக்க மட்டுந்தான் செல்லும், மிசியே."

"ஒம்ம பொழப்புய்யா இது!"

இக்னாஸ் பிரான்சுக்குக் கடிதம் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். சம்பள நாள்களில் ஊழியர் விவரம் இருந்த அந்த நாடாவைத் தன் கையாலேயே இயந்திரத்தில் மாட்டினார். அது அவரை அறுபது என்றே படித்தது. வளையங்களை ஆட்டிக் காட்டுவது நின்றுபோயிற்று. ஜெர்மேன் சொல்லாமலே சாப்பாட்டுக்கு முன் கழற்றி வைத்தார். பாவம், அந்த இரண்டு மாதத்தில் மனிதர் நிஜமாகவே கிழண்டுபோனார்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் திரெக்தேர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். தாளோடு இக்னாஸ் அறைக்குள் நுழைந்தபோது ஒடெட் புது அட்டையுடன் தயாராக நின்றாள். வாசலில் கப்ரியேல், "இன்னும் என்னய்யா, மாட்டும்!" என்று அவசரப்படுத்தினார்.

இக்னாஸ் மணிக்கட்டிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி ஒடெட்டின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ போடும்மா. என் பேருக்கு நான் போடக் கூடாது."

பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போனார். அந்த வெக்கையில், கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், சுருள் சுற்றி நிற்கும்வரை இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.