சிவப்புத் துணி கட்டிய சிலேட்டு

"சிலேட்டு எங்கன?" என்று கேட்டு, பார்த்த பிறகுதான் முருகம்மாள் வழி விடுகிறாள். மாலை மணி அடித்ததும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில், நிலையின் இருபுறமும் கைகளை ஊன்றி நிற்பது அவள் வழக்கம். வகுப்புகளைக் கூட்டுவதும் பானையில் தண்ணீர் நிரப்புவதுமே அவளுக்கு இட்ட வேலைகள். இது அவளாகவே எடுத்துக்கொண்டது. சிலேட்டு, குச்சி, தூக்குச்சட்டி ஆகியவற்றைக் காட்டாத பிள்ளை அவள் கையடியில் நுழைந்து போக இயலாது. "ஏலே, தலைய மட்டும் மறக்காமக் கொண்டாந்துட்டே. அதுவும் ஒட்டியிருக்கப் போயி" என்பாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பி ஓடும்.

சிலேட்டுகள் யாவும் ஒரே அச்சு. ஆகையால் அவள் வீடுவீடாகச் சென்று, தாயின் பழஞ்சேலையில் இரண்டு விரற்கடைத் துணி கேட்டு வாங்கி, சட்டத்தின் துளையில் முடிந்துவிடுகிறாள். தன் பெயரை எழுத அறியாத பிள்ளைக்கும் தாயின் சேலை தெரியும். பெருமைக்காகப் பெட்டியிலிருந்த பட்டின் ஓரத்தைத் தர முன்வந்த ஒருத்தியிடம், "நீ கட்டி இருந்தாத்தானே ஆத்தா, புள்ளைக்கு அடையாளம் தெரியும்" என்றாளாம்.

இந்த ஏற்பாடு சென்ற மாதம் ஒரு முறை தவறியது. வீரபாண்டித் திருவிழாக் கடையில் இரண்டு பிள்ளைகளின் தாய்மார் ஒரே மாதிரிச் சிவப்புச் சுங்குடிச் சேலை வாங்கியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தே பழசாயின. ஒரு நாள் நண்பகலில் அவர்களில் ஒருத்தியின் மகள் செல்வமணி, உறவினர் கலியாணத்துக்காகக் கம்பத்துக்கு வண்டியேறினாள். சன்னலோரத்தில் சிவப்புத் துணி கட்டிய சிலேட்டைக் கண்ட முருகம்மாள், அவள் மறந்துவிட்டாள் என்று கருதி, பின்னாலேயே ஓடி வண்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள். செல்வமணியின் சிலேட்டோ அவள் பைக்குள் பத்திரமாக இருந்தது.

மாலையில் மற்றவளின் மகள் சண்முகத்தாய் வெறுங்கையோடு வாசலில் நின்று அழுதபோதுதான் விஷயம் விளங்கிற்று. அவள் முன்பே ஒன்றை உடைத்து, ஒன்றைத் தொலைத்தவள். இன்னொன்று போனால் படிப்பு நின்றது, பருத்திக் காடுதான் என்று அவள் தகப்பன் பலவேசம் சொல்லி வைத்திருந்தான். முருகம்மாள் அன்றே அவன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பிள்ளையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று எண்ணினான் அவன்.

மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு, அவள் பெயரை நீக்கச் சொல்லிப் பள்ளிக்கு வந்து நின்றான். வாத்தியார் எடுத்துச் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. விடியுமுன் கம்பத்துக்கு நடந்திருந்த முருகம்மாள், கக்கத்தில் சிலேட்டை இடுக்கியபடி அப்போது வந்து சேர்ந்தாள். கால்களில் முழங்கால் வரை செம்புழுதி.

"தொலைச்சது ஒன் மக இல்ல தம்பி, நான். கோவம்னா இங்கன காட்டு. புள்ளைய உக்காரச் சொல்லு" என்றாள்.

பலவேசம் சிலேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மகளை நோக்கி, உள்ளே போகும்படி தலையை அசைத்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதன் நீலக் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்து, முருகம்மாளிடம் நீட்டினான்.